ஏ. எல். லாயிட் பாடிய ‘லெவையதன்’: திமிங்கில வேட்டைக் கப்பல்களின் பாட்டு

கடல் பாட்டு என்றதும் இப்போது பலருக்கும் நினைவுக்கு வருவது ‘வெல்லர்மேன்’தான். ஸ்காட்லாந்துத் தபால்காரர் நாதன் எவான்ஸ் டிக்டாக்கில் பாடி, 2021-இல் உலகம் முழுக்கப் பரவிய பாட்டு. எனக்கும் அது பிடிக்கும். நியூசிலாந்தின் ஒட்டாகோவில் 1831-இல் திமிங்கில நிலையம் தொடங்கிய வெல்லர் சகோதரர்களின் சரக்குக் கப்பலுக்காகக் காத்திருக்கும் பாட்டு அது. அதைக் கேட்டுவிட்டு “இதே மாதிரி இன்னும் என்ன இருக்கு?” என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே பெயர் ‘லெவையதன்’. 1967-இல் லண்டனின் டாபிக் நிறுவனம் வெளியிட்ட எல்பி இசைத்தட்டு. பாடியவர் இங்கிலாந்தின் நாட்டுப்பாடல் பாடகர் ஏ. எல். லாயிட். அப்போது அவருக்கு வயது 59. மொத்தம் 15 பாட்டு, அத்தனையும் திமிங்கில வேட்டைக்குப் போனவர்களுடையவை.

நான் கப்பலில் இன்ஜின் பக்கம் வேலை பார்க்கிறவன். கடலைப் பற்றிப் பாடுகிறவர்களில் யார் கப்பல் ஏறியவர், யார் கரையிலிருந்தே பாடுகிறவர் என்பது எங்களுக்கு ஓரளவு பிடிபட்டுவிடும். லாயிட் ஏறியவர். 1937-38 பருவத்தில் ‘சதர்ன் எம்ப்ரஸ்’ என்ற திமிங்கிலத் தொழிற்சாலைக் கப்பலில் (பிடித்த திமிங்கிலத்தைக் கடலிலேயே வெட்டி எண்ணெய் காய்ச்சும் கப்பல்) அண்டார்டிக் கடலுக்குப் போய் வேலை செய்திருக்கிறார். அந்த ஒரு பருவத்தில் மட்டும் அந்தக் கடலில் 46,000-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. அந்த ரத்தத்தையும் எண்ணெயையும் கிட்டத்தில் பார்த்தவர் என்பது இவர் பாடும் விதத்தில் தெரிகிறது. எந்த இடத்திலும் வீரம் பேசுவதில்லை. அப்புறம், ஜான் ஹியூஸ்டனின் ‘மோபி டிக்’ படம் (1956) பார்த்தவர்களுக்கு இவர் முகமும் தெரிந்திருக்கும். கப்பல் புறப்படும்போது மாலுமிகளுக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பவர் இவர்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டமாகக் கத்திப் பாடும் பாட்டை எதிர்பார்த்து இதைப் போட்டால் ஏமாற்றமாக இருக்கும். பாய் ஏற்றவும் நங்கூரம் தூக்கவும் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து இழுப்பது ஒரு வகை, நம் வலைகாரர்கள் ‘ஏலேலோ ஐலசா’ போட்டு இழுப்பதுபோல. இந்த இசைத்தட்டில் இருப்பவை பெரும்பாலும் வேலை முடிந்து உட்கார்ந்து பாடுகிறவை. கயிறு கையில் இல்லாதபோது கதைக்கு இடம் கிடைக்கிறது. யார் போனார்கள், எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், கேப்டன் எப்படிப்பட்டவன், எத்தனை பேர் திரும்பவில்லை என்று எல்லாம் வருகிறது.

லாயிடின் குரல் அழகான குரல் இல்லை. உச்சத்தில் நிற்கிற மெல்லிய குரல், ஓரங்களில் கொஞ்சம் நடுக்கம். ஆனால் முகத்தில் ஒரு புன்னகையோடு பாடுகிறார் என்பது ஒலியிலேயே கேட்கிறது. விஷயம் எவ்வளவு கொடூரமாகப் போகிறதோ அவ்வளவு நிதானமாகிறது குரல். ‘தி குரூவல் ஷிப்ஸ் கேப்டன்’ என்ற சின்னப் பாட்டில் இதைக் கவனியுங்கள். தன்னிடம் வேலை கற்க வந்த ஏழைப் பையனை அடித்தே கொன்ற கேப்டன் தானே தன் குற்றத்தைச் சொல்கிறான். அதை அழுது பாடியிருந்தால் நான் இரண்டாம் முறை கேட்டிருக்கமாட்டேன். லாயிட் சாட்சி சொல்வதுபோல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நமக்குத்தான் அடுத்த பாட்டுக்குப் போகக் கொஞ்ச நேரம் ஆகிறது.

உடன் வாசிப்பவர்களும் அளவு தெரிந்தவர்கள். கான்செர்டினா என்ற சின்னக் கைத்துருத்தி வாத்தியத்தில் ஆல்ஃப் எட்வர்ட்ஸ், ஃபிடிலில் டேவ் ஸ்வார்ப்ரிக். மார்ட்டின் கார்த்தி, டிரெவர் லூகாஸ், மார்ட்டின் விண்டம்-ரீட் ஆகியோரும் இருக்கிறார்கள். இவர்களில் ஸ்வார்ப்ரிக்கும் கார்த்தியும் அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தவர்கள். பெரியவர் பாடும்போது இளையவர்கள் காட்டும் அடக்கம் இருக்கிறதே, அதற்காகவே ஒருமுறை தனியாகக் கேட்கலாம்.

என் மனசுக்கு மிக நெருக்கமானது ‘தி கோஸ்ட் ஆஃப் பெரு’ (பெருவின் கடற்கரை). 1788-இல் புறப்பட்ட ‘எமிலியா’ என்ற பிரிட்டிஷ் கப்பல்தான் தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னைச் சுற்றிப் பசிபிக்கில் நுழைந்து ஸ்பெர்ம் திமிங்கிலம் பிடித்த முதல் கப்பல். அந்தக் கடல் வழியின் பாட்டு இது. பாய்மரத்தின் மேலிருந்து ஒருவன் கத்துகிறான், படகுகள் இறங்குகின்றன, ஈட்டி பாய்கிறது, திமிங்கிலம் கயிற்றோடு ஆழத்துக்குப் போகிறது. உண்மையில் அந்த நேரத்தில் படகில் என்ன நடக்கும் தெரியுமா? தொட்டியில் சுருட்டி வைத்த கயிறு, படகின் பின்பக்கம் நட்டிருக்கும் கட்டையைச் சுற்றிக்கொண்டு ஓடும். ஓடுகிற வேகத்தில் கட்டை புகையும். ஒருவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். கயிற்றின் சுருக்கில் கையோ காலோ மாட்டினால் ஆளோடு கடலுக்குள். இதையெல்லாம் பாட்டு விளக்குவதில்லை, கேட்கிறவர்களுக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறது. லாயிடும் அந்த இடத்தில் வேகத்தைக் கூட்டுவதில்லை. ஓடும் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்த எவனும் பதறமாட்டான், பதறினால் போய்விடுவான். என் வேலையிலும் அதே பாடம்தான்.

அடுத்தது ‘ஆஃப் டு சீ ஒன்ஸ் மோர்’. சம்பளத்தோடு கரையிறங்கியவன் குடித்துத் தூங்குகிறான், எழுந்தால் பணமும் இல்லை, துணியும் இல்லை. தங்கும் விடுதிக்காரன் கடன் தரமாட்டான், ஆனால் ஆர்க்டிக் போகிற திமிங்கிலக் கப்பலில் ஏற்றிவிடத் தயார். ஏனென்றால் மாலுமிக்கு வரும் அட்வான்ஸ் விடுதிக்காரன் கைக்குப் போகும். கடன், ஏஜென்ட், அட்வான்ஸ், மறுபடியும் கப்பல். இந்தச் சுற்றைப் பாட்டு முடிகிறவரை யாரும் திட்டுவதில்லை. திட்டவேண்டிய எல்லாம் கேட்கிறவன் மனசில் எழும். ‘ரோலிங் டவுன் டு ஓல்ட் மாவி’ இதற்கு நேர் எதிர். வடக்கே பனியில் கிடந்தவர்கள் ஹவாய்க்குத் திரும்பும் பாட்டு. சைன் ஆஃப் தேதி, அதாவது கப்பலை விட்டு இறங்கும் நாள், நெருங்கும்போது கப்பலில் ஒரு துள்ளல் வருமே, அது அப்படியே இருக்கிறது. சேர்ந்து பாட விரும்புகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

‘தி பலீனா’ ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துக் கப்பலைப் பற்றியது. விளக்கெரிக்கத் திமிங்கில எண்ணெய்க்குப் பதில் மண்ணெண்ணெயும் காஸும் வந்தபிறகு பிரிட்டனில் பல ஊர்கள் திமிங்கிலத் தொழிலை விட்டுவிட்டன. டண்டீ மட்டும் இருபதாம் நூற்றாண்டு வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. காரணம், வங்காளத்திலிருந்து அங்கே போன சணல். சணல் நாரை மிருதுவாக்கத் திமிங்கில எண்ணெய் வேண்டும். கொல்கத்தாவில் ஏறிய மூட்டைகளுக்கும் கிரீன்லாந்துப் பனியில் செத்த திமிங்கிலங்களுக்கும் இப்படி ஒரு கணக்கு இருந்திருக்கிறது. கேட்க உற்சாகமான பாட்டு, தட்டின் முதல் பாட்டாக வைத்தது சரியான முடிவு. ‘பேடி அண்ட் தி வேல்’ வேடிக்கைப் பாட்டு, எனக்கு ஒட்டவில்லை. ‘டால்கவானோ கேர்ல்ஸ்’ பரவாயில்லை.

இனி குறை. இந்தப் பாட்டுகள் எல்லாம் அப்படியே வழிவழியாக வந்தவை என்று நம்பிவிடக் கூடாது. லாயிட் பல பாட்டுகளை வெட்டியும் ஒட்டியும் மெட்டு மாற்றியும் பாடினார் என்பதைப் பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அவர் கை பட்டதால் பாட்டு மேம்பட்டிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எங்கெங்கே கை வைத்தேன் என்று அவர் எழுதி வைத்திருக்க வேண்டும். இந்தப் பாட்டுகளைக் கட்டியவர்களுக்கும் பாதுகாத்தவர்களுக்கும் பெயர் இல்லை, படம் இல்லை. அவர்கள் சொன்னது எது, லாயிட் சொன்னது எது என்று பிரித்துப் பார்க்க வழி இருந்திருந்தால் அது அவர்களுக்குச் செய்த மரியாதையாக இருந்திருக்கும். இது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

‘ஃபேர்வெல் டு டார்வதி’ விஷயத்தில் மட்டும் எழுதியவர் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஜார்ஜ் ஸ்க்ரோகி, அபர்டீன்ஷயரில் மாவு ஆலை நடத்தியவர், 1850-களில் எழுதியது. ஊரை விட்டுக் கிரீன்லாந்து போகிறவன், அங்கே விதைப்பும் இல்லை அறுப்பும் இல்லை என்கிறான். தானியம் அரைத்துப் பிழைத்தவருக்கு அந்தப் பனிநிலத்தில் முதலில் கண்ணில் படுவது இதுதானே! 1970-இல் ஜூடி காலின்ஸ் இதே பாட்டைக் கூனல்முதுகுத் திமிங்கிலங்களின் நிஜக் குரலோடு சேர்த்துப் பாடினார். அது புகழ்பெற்ற பதிவு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். காலின்ஸ் பாடும்போது திமிங்கிலத்துக்காக மனம் இளகுகிறது. லாயிட் பாடும்போது அதைக் கொல்லப் போகிற ஏழைக்காகவும் இளகுகிறது. எனக்கு இரண்டும் வேண்டும்.

இது சிடியாகவும் வந்திருக்கிறது. கிடைத்தால், பாட்டுகளுக்கான குறிப்புகளோடு இருக்கும் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். சில பாட்டுகளில் ஸ்காட்லாந்துப் பேச்சு வருவதால் முதல் தடவை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. ஸ்பீக்கரில் ஓடவிட்டு வேறு வேலை பார்க்காதீர்கள், ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். எட்வர்ட்ஸின் கான்செர்டினா லாயிடின் குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கும் இடங்கள் அப்போதுதான் காதில் விழும்.