பெரிய ஹோமா, எட்டுப் பேர் வீடா?

அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளைக்கு இருபத்தைந்து வயது தாண்டிவிட்டால், வீட்டில் எந்தப் பேச்சும் 'நமக்குப் பிறகு எங்கே?' என்ற கேள்வியில்தான் வந்து நிற்கும். தமிழ்நாட்டில் மாதக் கட்டணம் கட்டிச் சேர்க்கக்கூடிய இடங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஐம்பது, அறுபது பேர் தங்கும் பெரிய ஹோம் ஒன்று. பெற்றோர் சிலர் சேர்ந்து அறக்கட்டளை தொடங்கி, ஒரு வீட்டை எடுத்து, ஏழெட்டுப் பேரை வைத்துப் பார்த்துக்கொள்வது மற்றொன்று. நான் சின்ன வீட்டின் பக்கம்தான். ஆனால் கீழே வரும் ஆள் கணக்கு சரியாக வந்தால் மட்டும்.

பெரிய இடத்தில் பிசியோதெரபி அறை, தொழிற்பயிற்சிக் கூடம், வேன் எல்லாம் இருக்கும். சின்ன வீட்டில் தெருமுனைக் கடைக்குப் போய்வரலாம், சோறு வீட்டுச் சோறாக இருக்கும். இதெல்லாம் உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும்.

காகிதங்கள் இரண்டுக்கும் பொது. 'நாங்க ரிஜிஸ்டர்டு டிரஸ்ட்' என்பார்கள். அறக்கட்டளைப் பதிவு, 12ஏ, 80ஜி என்று சொல்லப்படும் வருமான வரித்துறைப் பதிவுகள் எல்லாம் வரிக்கும் நன்கொடைக்கும் ஆனவை. ஆளைத் தங்கவைக்க அவை உரிமம் ஆகாது. 1999-ஆம் ஆண்டு சட்டப்படி அமைந்த, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையில் (நேஷனல் டிரஸ்ட்) பதிந்திருப்பது நல்ல அடையாளம். அதன் திட்டங்களுக்கு விண்ணப்பிக்க அது வேண்டும். ஆனால் ஹோம் நடத்தத் தேவைப்படுவது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 50-ஆம் பிரிவு சொல்லும் பதிவுச் சான்றிதழ். பெண்கள் தங்கும் ஹோம் என்றால் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி தனி உரிமமும் உண்டா என்று கேளுங்கள். மனநல நிறுவனம் என்ற பதிவை மட்டும் எடுத்து நீட்டினால் யோசிக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் மனநோய் வரையறைக்குள் அறிவு வளர்ச்சிக் குறைபாடு வராது. அந்தப் பதிவு வேறு வகை நோயாளிகளுக்கானது. அங்கே பழகிய கைகளும் வேறு.

50-ஆம் பிரிவுச் சான்றிதழில் மூன்றைப் பாருங்கள்: முகவரி, அனுமதித்த எண்ணிக்கை, காலாவதித் தேதி. சின்ன வீடுகள் தவறுவது முகவரியில். வாடகை வீடு மாறியிருக்கும், காகிதத்தில் பழைய தெருவே நிற்கும். பெரிய ஹோம்கள் தவறுவது எண்ணிக்கையில். அதே 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி பதிவு ரத்தானால் அந்த இடம் இயங்கக் கூடாது. தங்கியிருப்பவர்களைப் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ ஒப்படைக்கவும், வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் உத்தரவிடலாம். எழுபத்தைந்து வயது அம்மாவின் வாசலில் பையோடு பிள்ளை திரும்பி நிற்கும் நிலை அதனால் வரலாம்.

இனி, முடிவைத் தீர்மானிக்கும் விஷயம். இரவு பத்து மணிமுதல் காலை ஆறு மணிவரை யார் விழித்திருக்கிறார்கள்?

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் எட்டு மணி நேரம் வீதம் ஆறு நாள் வந்தால் 48. அதாவது எப்போதும் ஒரே ஒரு ஆள் இருக்க வேண்டும் என்றாலே மூன்றரைப் பேர் தேவை. எட்டுப் பேர் வீட்டுக்குக் கணக்குப் போடுவோம். பல் தேய்த்து, குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பிடவைக்கும் காலை ஷிப்டுக்கு இருவர், மாலை ஷிப்டுக்கு இருவர், இரவுக்கு ஒருவர். ஒரு நாளைக்கு ஐந்து ஷிப்ட், வாரத்துக்கு 35. ஆளுக்கு ஆறு ஷிப்ட் என்றால் ஆறு பேர் வேண்டும். காய்ச்சல், கல்யாணம், பொங்கலுக்கு ஊருக்குப் போவது இவற்றுக்கு மாற்றாள் ஒருவர். மொத்தம் ஏழு. சமையல்காரர் இந்தக் கணக்கில் இல்லை.

ஒருவருக்குச் சம்பளம் 15,000 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் மாதம் 1,05,000. எட்டால் வகுத்தால் தலைக்கு 13,125. வாடகை, அரிசி, மின்கட்டணம், மருந்து எல்லாம் அதற்கு மேல். இந்த நிலையில் ஒரு சின்ன வீடு மொத்தமே மாதம் 12,000 போதும் என்றால் சந்தோஷப்படாதீர்கள். ஒன்று, நன்கொடை தாங்குகிறது. அதை வரவு செலவுக் கணக்கில் காட்டச் சொல்லலாம். இல்லாவிட்டால், பகலில் வேலை பார்த்த அதே ஆயா இரவில் அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறார். கட்டணம் குறைவான இடங்களில் இரண்டாவதுதான் அதிகம் என்று நினைக்கிறேன். அந்த அம்மாவைக் குறைசொல்ல முடியாது. பதினாறு மணி நேரம் ஓடியவர் தூங்கத்தான் செய்வார். வலிப்பு அதற்காகக் காத்திருக்காது.

பெரிய ஹோமில் இந்தக் கணக்கு வேறு மாதிரி தவறும். அங்கே ஆள் திடீரென்று நின்றுவிட்டாலும் வண்டி ஓடும், பக்கத்து வார்டிலிருந்து ஒருவரை இழுத்துக்கொள்வார்கள். சின்ன வீட்டில் இருவர் ஒரே வாரத்தில் நின்றால் அறங்காவலர்களே இரவுக்குப் போய்ப் படுக்க வேண்டும். இது பெரிய ஹோமுக்கு உண்மையான பலம். ஆனால் அறுபது பேருக்கு எட்டுக்கு ஒன்று என்ற விகிதம் வேண்டுமென்றால் இரவில் எட்டுப் பேர் விழித்திருக்க வேண்டும். இருவர் என்று பதில் வந்தால் ஒருவர் பொறுப்பில் முப்பது பேர். ஈரமான படுக்கையோடு விடியும்வரை கிடப்பதும், ஒருவர் மற்றவரை அடிப்பதும் கடிப்பதும், அறைக்கு வெளியே தாழ் போடும் பழக்கமும் இந்த விகிதத்திலிருந்துதான் பிறக்கின்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டியிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்தது அதிகாலை நேரத்தில். பிள்ளைகள் தூங்கும் அறையின் கதவில் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆகவே பகல் பதினோரு மணிக்கு அலுவலக அறையில் காபி குடித்துவிட்டுத் திரும்புவதில் பயனில்லை. சொல்லிவிட்டே போகலாம், ஆனால் இரவு ஒன்பதரைக்குப் போங்கள். ஷிப்ட் அட்டவணையையும் சம்பளப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பெயர்களை ஒப்பிடுங்கள். மருந்து அட்டையில் ஒவ்வொரு வேளைக்கும் கொடுத்தவரின் கையெழுத்து இருக்க வேண்டும்; மாதக் கடைசியில் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் போட்ட கையெழுத்து பார்த்தாலே தெரியும். டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீளும் வலிப்புக்கு மூக்கில் அடிக்கும் மிடாஸோலம் ஸ்ப்ரே எந்த அலமாரியில், சாவி யாரிடம், அடிக்கத் தெரிந்தவர் இன்று இரவு இருக்கிறாரா? இந்தக் கேள்வியை மேனேஜரிடம் கேட்காமல் இரவு ஆளிடம் கேளுங்கள்.

சின்ன வீடே எல்லாருக்கும் சரி என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். குழாய் வழி உணவு, அடிக்கடி நிமோனியா, நாளுக்கு நாலைந்து வலிப்பு என்றிருப்பவருக்கு, நர்ஸ் முழுநேரம் இருக்கும் பெரிய ஹோமே மேல் என்று தோன்றுகிறது. எட்டுப் பேர் கட்டணத்தில் மூன்று ஷிப்டுக்கும் நர்ஸ் வைப்பது நடக்காத காரியம்.

பணம் பற்றி ஒன்று. இரண்டு வகையிலும் 'கார்பஸ்' என்று ஒரு பெரிய தொகை கேட்பார்கள். பிள்ளை வெளியே வந்தால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில், ஹோம் மூடினால் என்ன என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வீட்டை ஹோமின் பெயருக்கு எழுதாதீர்கள். பதினெட்டு வயது தாண்டியவர்களுக்கு, 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனம் வாங்கலாம். அமைப்பே பாதுகாவலராக வரவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் பார்த்துக்கொள்பவரும் சொத்தைக் கையாள்பவரும் ஒரே ஆளாக இருக்கவேண்டாம் என்பேன். நியமனமான ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் பாதுகாவலர் தர வேண்டும். சித்தப்பாவோ அத்தை மகளோ இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டால், இரவு ஒன்பதரைக்குப் போய்ப் பார்ப்பதும் இதில் சேர்த்தி என்று இப்போதே அவர்களிடம் சொல்லிவையுங்கள்.