"ஸ்ட்ரைக், இழப்பீடு கிடையாது" என்று விமான நிறுவனம் சொன்னால் நம்பாதீர்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மாவை ஐரோப்பாவுக்கு வரவழைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து விமானம் ரத்தானால், "ஸ்ட்ரைக் எங்கள் கையில் இல்லை, அதனால் இழப்பீடு இல்லை" என்று பதில் வரும். அது உண்மையல்ல. எங்களுக்கும் அதே பதிலைத்தான், அதுவும் எழுத்திலேயே கொடுத்தார்கள்.

என் பெற்றோர் ஜெர்மனியில், டியூசல்டார்ஃபில் எங்களோடு இருந்துவிட்டுச் சென்னை திரும்பினார்கள். ஒரே டிக்கெட், வழியில் இன்னொரு ஐரோப்பிய நகரத்தில் விமானம் மாற வேண்டும். கேபின் ஊழியர்களின் வேலைநிறுத்த அறிவிப்பு முந்தைய நாளே வந்துவிட்டது. போன் செய்து கேட்டேன். சென்னை விமானம் கிளம்பும், கவலைப்படாதீர்கள் என்றார்கள். அவர்களை நம்பி அனுப்பினோம். முதல் விமானம் இறங்கியபோது சென்னை விமானம் ரத்தாகியிருந்தது.

அம்மா இன்சுலின் போட்டுக்கொள்பவர். வேளைக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். நீண்ட வரிசையில் நின்று கவுண்ட்டரை அடைந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது ஓர் இணைய முகவரி அச்சிட்ட துண்டுச்சீட்டு மட்டும். சாப்பாட்டுக் கூப்பன் இல்லை, ஹோட்டல் இல்லை. "நீங்களே ரூம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த ஊர் மொழி தெரியாத, எழுபதைத் தாண்டிய இரண்டு பேரிடம் இப்படி நடந்துகொண்டதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. இங்கிருந்து நான்தான் என் கார்டில் ஹோட்டல் போட்டு, டாக்ஸி வரைக்கும் போனிலேயே வழி சொன்னேன்.

சட்டம் இதை விருப்பத்துக்கு விடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிமுறை 2005 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. விமானம் ரத்தானால் காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு, இரவு தங்க வேண்டியிருந்தால் ஹோட்டல், அங்கே போய்வர வண்டி எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. பயணிக்கு என்னென்ன உரிமை என்பதை எழுத்தில் தரவும் வேண்டும். ஸ்ட்ரைக் யாருடையதாக இருந்தாலும் இந்தப் பொறுப்பு போகாது. 2010-ல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்ற வழக்கிலேயே, தங்கவைத்துச் சாப்பாடு போடும் கடமை நீங்காது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. அவர்கள் செய்யாவிட்டால் நியாயமான செலவை நாமே செய்துவிட்டுத் திருப்பிக் கேட்கலாம். ஆகவே ஒரு காபி ரசீதைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

மாற்று விமானத்திலும் ஏமாற்று வேலைதான். செயலியைத் திறந்தால் ரீஃபண்ட் பட்டன் பெரிதாகத் தெரிகிறது. மாற்று விமானம் கேட்கும் இடத்தைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. அவசரத்தில் ரீஃபண்டை அழுத்தினால், ஊருக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பிலிருந்து நிறுவனம் விடுபட்டுவிடும். அன்றைய விலையில் புது டிக்கெட் நம் தலையில். நாங்கள் மாற்று விமானம்தான் வேண்டும் என்று நின்றோம். வளைகுடா வழியாக மறுநாளே வேறு நிறுவனத்தில் இடம் இருந்தது, விமான எண்ணோடு எடுத்துச் சொன்னேன். ஆனாலும் பல நாள் கழித்துக் கிளம்பும் தங்கள் சொந்த விமானத்தில்தான் ஏற்றினார்கள். அடுத்த சொந்த விமானத்தில் இடம் கொடுத்தால் போதும் என்று நிறுவனம் இருந்துவிட முடியாது, மற்ற நிறுவனங்களின் விமானங்களையும் பார்க்க வேண்டும் என்று 2020-லேயே தீர்ப்பு இருக்கிறது. அதைச் சொன்னதும் போன் துண்டிக்கப்பட்டது.

அப்புறம் இழப்பீடு. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு ஆளுக்கு 600 யூரோ. (1,500 கிலோமீட்டர் வரை 250, நடுவில் உள்ளதற்கு 400.) ரத்தை 14 நாளுக்கு முன்பே சொல்லியிருந்தால் இது கிடையாது. "அசாதாரணச் சூழ்நிலை" என்றாலும் கிடையாது. இந்த இரண்டாவதைத்தான் நிறுவனங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வேலைநிறுத்தம் செய்தது யார்? விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் என்றால் அது நிறுவனத்தின் கைக்கு வெளியே இருப்பது, பொதுவாக இழப்பீடு கிடைக்காது. நிறுவனத்தின் விமானிகளோ கேபின் ஊழியர்களோ சம்பளத்துக்காகச் செய்தால் கதை வேறு. 2019-ல் ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ்ஸின் விமானிகள் ஏழு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மால்மோவிலிருந்து ஸ்டாக்ஹோம் போக வேண்டிய ஒரு பயணியின் 250 யூரோவுக்கான வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2021 மார்ச் 23 அன்று தீர்ப்பு: தொழிற்சங்கம் முறைப்படி அறிவித்து நடத்தும் வேலைநிறுத்தம், ஆள் வைத்து வேலை வாங்கும் எந்த நிறுவனத்துக்கும் வழக்கமாக வரக்கூடியது. அது அசாதாரணச் சூழ்நிலை ஆகாது. இழப்பீடு தர வேண்டும்.

எனக்கு வந்த மறுப்புக் கடிதத்தில் இந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்தே எழுதுகிறார்கள். பாதிப் பேர் அந்தக் கடிதத்தோடு விட்டுவிடுவார்கள் என்பதுதான் கணக்கு என்று நினைக்கிறேன். இரண்டாவது கடிதத்தில் நல்லெண்ண வவுச்சர் தருவதாக வந்தது. கீழே சிறிய எழுத்தில், இதை ஏற்றால் வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வரி. அதை ஏற்கவே கூடாது. டிக்கெட் பணத்தைக்கூட, பயணி கையெழுத்திட்டுச் சம்மதிக்காமல் வவுச்சராகத் தர முடியாது.

ஜெர்மனியில் இப்படிப்பட்ட வழக்குகளுக்கு பெர்லினில் ஒரு சமரச மையம் இருக்கிறது. பயணிக்குக் கட்டணம் இல்லை. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு அங்கே போகலாம். கமிஷனுக்கு வாங்கித் தரும் கம்பெனிகள் நல்ல பங்கை எடுத்துக்கொள்ளும், அவசியமில்லை. போர்டிங் பாஸ், ரத்து என்று வந்த குறுஞ்செய்தி, தீர்ப்பின் தேதி இவற்றோடு நானே மனு போட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து 1,200 யூரோ அப்பாவின் கணக்குக்கு வந்துவிட்டது. ஹோட்டல், சாப்பாட்டுச் செலவுக்கு இன்னும் இழுத்தடிக்கிறார்கள். விடப்போவதில்லை.

டிக்கெட் எடுக்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து கிளம்பினால் எந்த நாட்டு நிறுவனமானாலும் இந்த விதி பொருந்தும். சென்னையிலிருந்து வரும்போது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனம் என்றால் மட்டுமே பொருந்தும், வளைகுடா நிறுவனத்துக்குப் பொருந்தாது.

பழைய மறுப்புக் கடிதம் கையில் இருப்பவர்கள் இப்போதே எடுத்துப் பாருங்கள். ஜெர்மனியில் காலவரம்பு மூன்று வருடம், விமானம் ரத்தான வருடத்தின் முடிவிலிருந்து கணக்கு. 2024-ல் ரத்தான விமானத்துக்கு 2027 டிசம்பர் 31 வரை கேட்கலாம்.