அந்தமான் வடகோடி என்று சொல்லி 92,000 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள். வடசென்னைக்காரர்கள் தயவுசெய்து படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே மாடியில் இருக்கும் ஒரு டிராவல்ஸ். வழக்குப் போடப் போவதால் பெயர் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அவர்களிடம் நாலு பேருக்கு 92,000 ரூபாய் கட்டினோம், விமான டிக்கெட் தனி. நாங்கள் கேட்டது அந்தமானின் வடகோடியை: டிக்லிப்பூர், ராஸ் - ஸ்மித் இரட்டைத் தீவு, காளிப்பூர், ராம்நகர் கடற்கரைகள். அவர்கள் காட்டியது போர்ட் பிளேரையும் சுற்றி நாலு இடத்தையும்.

என் அப்பா ஹார்பரில் வேலை பார்த்தவர். அந்தமான் கப்பலில் போய்வந்தவர்கள் சொன்ன கதையெல்லாம் வீட்டில் வந்து சொல்வார். காடு நேராகக் கடலில் வந்து இறங்கும், கரையில் ஒரு கடை கூட இருக்காது என்பார். அது வடக்கு அந்தமான். 732 மீட்டர் உயரமுள்ள சேடில் பீக் மலை காளிப்பூர் பக்கம்தான் இருக்கிறது, அந்தத் தீவுக்கூட்டத்திலேயே அதுதான் உயரம். காளிப்பூர் மணலில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை கடலாமைகள் ராத்திரியில் முட்டையிட வரும். இதற்காகத்தான் பொங்கல் லீவில் கிளம்பினோம். அறுபத்தெட்டு வயது மாமியாரும் ஆசைப்பட்டு வந்தார்.

அந்த ஆளை ஏன் நம்பினோம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவனுக்கு விஷயம் அத்தனையும் தெரிந்திருந்தது, அதனால்தான். தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் பென்சிலால் தீவை வரைந்தான். கீழே போர்ட் பிளேர், மேலே ஜிர்கடாங் செக்போஸ்ட், அங்கிருந்து ஜாரவா பழங்குடிகள் வாழும் காட்டுக்குள் போலீஸ் கான்வாயில்தான் வண்டிகள் போகும், நடுவில் நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. உச்சியில் இரண்டு வட்டம் போட்டு, நடுவே ஒரு கோடு இழுத்தான். "இதுதான் மணல் திட்டு அக்கா. தண்ணி வத்தும்போது ஒரு தீவுலேருந்து இன்னொரு தீவுக்கு நடந்தே போலாம். ஏரியல் பே படகுக்காரன்கிட்ட அன்னைக்குக் காலையில டைம் கேட்டு நானே சொல்றேன்." மாமியாருக்குத் தனியாக சர்க்கரை இல்லாத டீ வரவழைத்தான். "அம்மா முட்டி வலியோட வராங்க, டிக்லிப்பூர்ல ரெண்டு ராத்திரி கீழ்த்தள ரூமாப் போட்டுடறேன்" என்றான். அந்த வார்த்தையில்தான் என் வீட்டுக்காரர் அங்கேயே உட்கார்ந்து பாதிப் பணத்தை அனுப்பினார்.

மீதியையும் கட்டிய பிறகுதான் வாட்ஸ்அப்பில் வவுச்சர் வந்தது. டிக்லிப்பூர் என்ற பெயரே அதில் இல்லை. உடனே போன் செய்தேன். "ராஸ் ஐலண்டுன்னு போட்டிருக்கு பாருங்க அக்கா, அதேதான்" என்றான்.

இங்கேதான் மோசடி. ராஸ் என்ற பெயரில் அங்கே இரண்டு தீவு உண்டு. ஒன்று போர்ட் பிளேருக்கு எதிரே, படகு ஏறினால் சில நிமிடத்தில் போய்விடலாம். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டட இடிபாடுகளும் மான்களும் இருக்கும் இடம். 2018-இல் அதற்கு நேதாஜி பெயர் வைத்துவிட்டார்கள், ஆனாலும் எல்லோரும் ராஸ் என்றே சொல்கிறார்கள். நாங்கள் பார்க்கக் கிளம்பிய ராஸ், ரோடு வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. அவனுக்கு இது தெரியாதா? தாளில் வரைந்தவனே அவன்தானே!

ஏர்போர்ட்டில் வந்து நின்ற டிரைவர் தம்பி தமிழ்ப் பிள்ளைதான். "டிக்லிப்பூரா? எனக்குக் கொடுத்த லிஸ்ட்ல ஊருக்குள்ள மட்டும்தான்க்கா இருக்கு" என்றான். வண்ணாரப்பேட்டைக்குப் போன் போட்டால், "காட்டு ரோட்டை மூடிட்டாங்க, கவர்மெண்ட் ஆர்டர்" என்று பதில். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த டிரைவர் மெதுவாக, "இன்னைக்குக் காலையில கூட கான்வாய் போச்சுக்கா" என்றான். அதைச் சொன்னதும் அந்தப் பக்கம் லைன் கட்.

அங்கேயே வேறு வண்டி பிடித்துப் போகலாமென்றால், ஒரு வழிக்கே கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்க ஓடும். ரூம், வண்டி, படகு எல்லாவற்றுக்கும் மறுபடி காசு வேண்டும். கையில் அவ்வளவு இல்லை. 92,000 ரூபாயை அவனிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். போர்ட் பிளேர் ராஸில் இடிந்த சர்ச் சுவரைப் பிடித்திருந்த வேருக்குப் பக்கத்தில் நின்று என் மகன், "இன்னொரு தீவு எங்கம்மா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. மாமியார், "பரவால்ல விடு, கடலைப் பார்த்தோம்ல" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

திரும்பி வந்த பிறகு நடந்தது இன்னும் மோசம். முதலில் "ஓனர் ஊர்ல இல்ல". அப்புறம் "கம்ப்ளெயிண்டை மெயில்ல போடுங்க". மெயில் போட்டால், "வவுச்சரில் உள்ளபடி சேவை வழங்கப்பட்டது" என்று ஒற்றை வரி. நேரில் போனேன். அவன் பைக் வாசலில் நிற்கிறது, "சார் வெளிய போயிருக்காரு" என்கிறது அங்கே வேலை செய்யும் பெண். அதற்கு மறுநாள் அவனே கூப்பிட்டு, பணம் திருப்பித் தர முடியாது, கொடைக்கானல் பேக்கேஜில் கொஞ்சம் கழித்துத் தருகிறேன் என்றான். 92,000 ரூபாய்க்குக் கொடைக்கானலில் தள்ளுபடியாம்! வேண்டாம் என்றதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

நிதானமாக எல்லா யோசனையும் எழுத நினைத்தேன், முடியவில்லை, வரிசையில்லாமல் சொல்லிவிடுகிறேன். எந்த ஊரில் எத்தனை ராத்திரி என்று பெயரோடு எழுதி வாங்காமல் மீதிப் பணம் கட்டாதீர்கள். டிக்லிப்பூர் ஓட்டலுக்கு நீங்களே போன் செய்து, உங்கள் பெயரில் ரூம் இருக்கிறதா என்று கேளுங்கள். பணம் கடையின் கணக்குக்குப் போகட்டும், தனி ஆள் ஜிபே நம்பருக்கு வேண்டாம். அவன் வரைந்த தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், நீங்களும் துண்டுச்சீட்டைக் கூடத் தூக்கிப் போடாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் பதிந்துவிட்டேன். நாம் இருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

கோடை லீவுக்கு இப்போதே அட்வான்ஸ் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் யாராவது இரட்டைத் தீவு காட்டுகிறோம் என்ற பேச்சை நம்பிப் பணம் கட்டியிருந்தால், இன்றைக்கே போன் செய்து, ராத்திரி தங்குவது எந்த ஊரில் என்று மட்டும் கேளுங்கள். போர்ட் பிளேர் என்று பதில் வந்தால் மீதியைக் கட்டாதீர்கள்.