குஸ்கோவில் "இன்கா பாதைக்கு இரண்டு இடம் காலி" என்றால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்

பெரு நாட்டின் குஸ்கோ நகரில், மத்தியச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள சந்துகள் எங்கும் பயண முகவர் கடைகள்தான். அவற்றில் ஒன்று, ஜூன் மாதக் கூட்டத்துக்கு நடுவே, தன்னிடம் இல்லாத ஒரு பொருளை எனக்கும் என் தங்கைக்கும் விற்றது: இன்காக்களின் பழைய மலைநகரமான மாச்சு பிச்சுவுக்கு நான்கு நாள் நடந்து போகும் இன்கா பாதைப் பயணம். இதே கதையை எங்கள் விடுதியில் தங்கியிருந்த வேறு இருவரும் சொன்னார்கள். அவர்கள் போனது வேறு கடைக்கு. ஆகவே கடை எது என்பதைவிட ஏமாற்றும் முறை எது என்பதுதான் உங்களுக்கு உதவும்.

ஒரு தம்பதி கடைசி நேரத்தில் ரத்து செய்துவிட்டார்கள், அவர்களுடைய இரண்டு அனுமதிகளும் கைவசம் இருக்கின்றன, நாளை மறுநாள் விடியற்காலை கிளம்பலாம் என்றார் கடையிலிருந்த பெண்மணி. இது முழுப் பொய். இன்கா பாதையில் ஒரு நாளைக்கு 500 பேரைத்தான் விடுகிறார்கள். வழிகாட்டிகள், சமையல்காரர்கள், சுமை தூக்குவோர் எல்லாரும் அந்தக் கணக்கில் அடக்கம் என்பதால் பயணிகளுக்குக் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு அனுமதியும் ஒருவருடைய பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணிலும் பதிவாகிறது. அதை அடுத்தவருக்கு மாற்ற முடியாது. ஒருவர் வரவில்லை என்றால் அந்த இடம் அப்படியே வீண். மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட பருவத்துக்கு இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். பிப்ரவரியிலோ பராமரிப்புக்காகப் பாதையையே மூடிவிடுகிறார்கள். எந்த நாளில் எத்தனை இடம் மிச்சம் என்பதைப் பெருவின் கலாசார அமைச்சகத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். அதில் பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான். அந்த நாளுக்கு இடம் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் அவர் விற்பது வேறு எதையோ.

எங்களுக்குக் கிடைத்த "வேறு எதையோ" இதுதான். இருட்டு விலகாத நேரத்தில் ஒரு வேன் விடுதி வாசலுக்கு வந்தது. கூரைமேல் சைக்கிள்கள் கட்டியிருந்தன. கேட்டதற்கு, அவை இன்னொரு குழுவுக்கு என்றார் ஓட்டுநர். ஒய்யாந்தைதாம்போ என்ற ஊர் வரை எல்லாம் சரியாகத்தான் போனது. இன்கா பாதைக்குப் போகும் வண்டி அங்கிருந்து உருபாம்பா ஆற்றை ஒட்டி, ரயில் பாதையின் 82ஆவது கிலோமீட்டரில் இருக்கும் பிஸ்ககூச்சோவுக்குப் போக வேண்டும். பாஸ்போர்ட்டைப் பார்க்கும் சோதனைச் சாவடி அங்கேதான் இருக்கிறது. எங்கள் வேனோ ஆற்றை விட்டு விலகி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கியது. தங்கை கைப்பேசி வரைபடத்தை என்னிடம் நீட்டினாள். நீலப் புள்ளி வடக்கு நோக்கி மலைமேல் ஊர்ந்துகொண்டிருந்தது. 4,316 மீட்டர் உயரத்தில் அப்ரா மாலகா கணவாயில் வேன் நின்றது. சைக்கிள்களை இறக்கினார்கள். எங்களுக்கும் ஆளுக்கொரு தலைக்கவசம் கொடுத்தார்கள்.

வழிகாட்டியாக வந்த இளைஞர் நல்லவர். நாள் கூலிக்கு வந்தவர். எங்களுக்கு என்ன சொல்லி விற்றார்கள் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. கையிலிருந்த தாளைத் தயங்காமல் காட்டினார். "இன்கா ஜங்கிள்" என்ற தலைப்பின் கீழ் எங்கள் இருவர் பெயரும் அச்சாகியிருந்தன. அச்சிட்ட தேதி, நாங்கள் பணம் கட்டிய அதே தேதி. வழியில் திட்டம் மாறிவிட்டது என்று கடை பின்னால் சொல்ல வழியே இல்லாமல் செய்தது அந்தத் தாள்தான். உடனே படம் எடுத்துக்கொண்டேன்.

இன்கா ஜங்கிள் மோசமான பயணம் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் சைக்கிள், சாந்தா மரியாவிலிருந்து சாந்தா தெரேசாவுக்குச் செங்குத்தான மலைச்சரிவில் உண்மையான பழைய இன்கா வழி ஒன்று, கடைசியில் நீர்மின் நிலையத்திலிருந்து தண்டவாளத்தை ஒட்டி, மாச்சு பிச்சுவின் அடிவாரத்தில் இருக்கும் அகுவாஸ் காலியெந்தெஸ் ஊர் வரை நடை. அதைத் தெரிந்தே எடுப்பவர்கள் மகிழ்ச்சியாகத் திரும்புகிறார்கள். ஆனால் எங்களிடம் வாங்கிய பணம் அதன் விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதைவிட எனக்கு ஆறாதது வேறு. வார்மிவான்யுஸ்கா கணவாயின் கற்படிகளில் ஏறி, இந்தி புங்கு வாயில் வழியாக மாச்சு பிச்சுவை முதன்முதலில் பார்க்க வேண்டும் என்பது என் தங்கையின் பல வருட ஆசை. அதற்காகவே சேமித்து வந்தவள் அவள். போதாக்குறைக்கு, கையில் கொடுத்த மாச்சு பிச்சு நுழைவுச் சீட்டும் முதலாம் சுற்றுக்கானது (உள்ளே நடக்க வகுத்திருக்கும் வழிகளில் ஒன்று). மேலே இருக்கும் படித்தளத்திலிருந்து முழுக் காட்சியையும் பார்க்கலாம்; கோயில்களும் வீடுகளும் இருக்கும் பகுதிக்குள் கால் வைக்க முடியாது. எந்தச் சுற்று என்று வாங்கும்போதே எழுதி வாங்குங்கள்.

திரும்பி வந்து கேட்டபோது, "அதுவும் இன்கா பாதைதானே" என்று பதில் வந்தது. பெருவில் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் "லிப்ரோ தெ ரெக்லமாசியோனெஸ்" என்ற புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான இந்தெகோபி அதைக் கண்காணிக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லும்வரை கடையில் யாரும் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சொன்ன பிறகு நாற்காலி போட்டார்கள். புத்தகத்தில் எழுதி, எங்களுக்குரிய நகலைக் கிழித்து வாங்கிக்கொண்டோம். வழிகாட்டியின் தாளைப் படமாகக் காட்டினோம். ஒரு பகுதி பணம் திரும்பி வந்தது. மீதிக்கு ஈடாக பக்கத்து நாடான பொலிவியாவின் லா பாஸ் நகருக்குச் செல்லும் "நேரடி" பஸ்ஸில் கீழ்த்தளப் படுக்கை இருக்கைகள் இரண்டு தருவதாகச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

அதுவும் பொய். பஸ் நிலையக் கவுண்டரில் நீட்டியபோது அச்சாகி வந்த டிக்கெட், வழியில் பெருவிலேயே இருக்கும் பூனோ வரைக்கும்தான். அதுவும் மேல்தளத்தில், பாதி மட்டுமே சாயும் செமி-காமா இருக்கை. விடியுமுன் பூனோவில் இறங்கி, 3,800 மீட்டர் உயரக் குளிரில் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தோம். திதிகாகா ஏரியின் திகினா நீரிணையில் எல்லாரும் இறங்கிப் படகில் கடக்க வேண்டும், பஸ் தனியாக மிதவையில் வரும், படகுக் கட்டணம் பயணியின் கையிலிருந்து என்பதையும் யாரும் சொல்லவில்லை.

பஸ்ஸுக்கு முகவர் கடையே வேண்டாம். குஸ்கோ பஸ் நிலையத்துக்கு நேரே போய், நிறுவனத்தின் கவுண்டரிலேயே வாங்குங்கள். உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், இருக்கை எண், சேருமிடம் நான்கும் டிக்கெட்டில் அச்சாகியிருக்க வேண்டும். நிலையக் கட்டணத்தைத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். அதற்குச் சில்லறை வைத்திருங்கள்.

பழைய இன்கா சாலையில் நடக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், அனுமதி கிடைக்காததால் அது முடிந்துவிடாது. 2014இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த கப்பாக் ஞான் என்ற இன்கா சாலை வலை ஆறு நாடுகளில் 30,000 கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது. சிஞ்செரோ என்ற ஊரிலிருந்து உர்கீயோஸுக்கு இறங்கும் இன்கா வழியில் நடக்க அந்த அனுமதி தேவையில்லை, அரை நாள் போதும். சிஞ்செரோவுக்குக் குஸ்கோவிலிருந்து பகிர்வு வேன்கள் நாள் முழுக்கப் போகின்றன.