பழைய எம்.ஜி.பி.யின் எஞ்சினைப் புதுப்பித்த பட்டறை: ஒரு மதிப்புரை

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகருக்கு அருகே ஒரு குடும்பம் நடத்திவரும் சிறிய எஞ்சின் பட்டறையில், 1968ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற, திறந்த கூரை கொண்ட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினை முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்கவும், அதைக் காரில் பொருத்தி முதன்முறை இயக்கித் தரவும் கொடுத்திருந்தேன். கையிலிருக்கும் வேலையே அவர்களுக்குப் போதுமானதாக இருப்பதால் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதை மதித்துப் பெயரைத் தவிர்க்கிறேன். பிரிட்டனில் பழைய கார் வைத்திருக்கும் தமிழ் நண்பர்கள் எந்தப் பட்டறையை நாடினாலும், எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது பயன்படும்.

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் ஆலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார். அதிலிருக்கும் 1798 சி.சி. எஞ்சின், சாதாரணக் குடும்பக் கார்களுக்காக 1950களில் உருவான பி வரிசை என்ற எஞ்சின் குடும்பத்திலிருந்து வளர்ந்தது. சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கும் அதை மேலே மூடும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. வால்வுகளை இயக்கும் மேடுகள் கொண்ட தண்டான கேம் ஷாஃப்ட் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கிறது. வால்வுகளைத் தள்ளு கம்பிகள் திறக்கின்றன. 1964ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் மூன்றிலிருந்து ஐந்தாயின. உதிரிபாகங்கள் அனைத்தும் இன்றும் கிடைக்கின்றன. ஆகவே இந்த எஞ்சினைப் பொறுத்தவரை பாகம் கிடைக்குமா என்பது கேள்வியே இல்லை. பாகங்களைச் சரியாக அளந்து பொருத்துபவர் கிடைப்பாரா என்பதுதான் கேள்வி. விலைப்பட்டியலை மட்டும் பார்த்துப் பட்டறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இந்தப் பட்டறையை நான் மனமாரப் பாராட்டுவதற்கு முதற்காரணம் அவர்கள் கொடுத்த அளவுத்தாள். ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே என மூன்று மட்டங்களில், ஒவ்வொரு மட்டத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரு திசைகளில் அளந்து எழுதியிருந்தார்கள். சிலிண்டரின் தேய்மானம் ஒரே சீராக இருப்பதில்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள அடைப்பு வளையமான ரிங் மேலே திரும்பும் இடத்தில் வெப்பமும் அழுத்தமும் அதிகம், எண்ணெய் குறைவு. எனவே அங்கேதான் தேய்வு கூடும். முன்பு யாரோ அரை மில்லிமீட்டர், அதாவது 0.020 அங்குலம், சிலிண்டர் விட்டத்தைப் பெரிதாக்கிக் கடைந்திருந்த (‘போர்’ செய்திருந்த) பிளாக் இது. அடுத்த அளவான 0.030 அங்குலமே தேய்வை நீக்கப் போதும் என்று அளவுகளைக் காட்டி விளக்கினார்கள். கொள்ளளவு இப்போது ஏறத்தாழ 1834 சி.சி. ஆகிறது. ஒரேயடியாக 0.060 வரை போய்விட்டால் சற்றுக் கூடுதல் ஆற்றல் கிடைக்கும் என்று ஆசைகாட்டும் பட்டறைகள் உண்டு. சிலிண்டர் சுவரில் இருக்கும் இரும்பை வீணாக்காமல் அடுத்த முறைக்கு விட்டுவைத்த இவர்களின் முடிவே சரியானது என்று கருதுகிறேன்.

புதிய பிஸ்டன்கள் வந்து சேரும்வரை போர் வேலையைத் தொடங்க மறுத்ததும் எனக்குப் பிடித்தது. பெட்டியின் மேல் அச்சிட்ட அளவை நம்பாமல், நான்கு பிஸ்டன்களையும் தனித்தனியே அளந்து, ஒவ்வொன்றுக்கும் உரிய சிலிண்டரைக் குறித்து, அதற்கேற்ற இடைவெளியுடன் போர் செய்தார்கள். ஹோனிங் என்ற நுண்தேய்ப்பு முடிந்த சுவரில் குறுக்குக் கோடுகள் ஒரே சாய்வில், தெளிவாகத் தெரிந்தன. அந்த நுண்ணிய பள்ளங்கள்தான் எண்ணெயைப் பிடித்துவைக்கின்றன. அவற்றின் கூர்முனைகள் தேய்ந்துதான் புதிய ரிங்குகள் சுவரோடு படிகின்றன.

கிராங்க் ஷாஃப்ட்டை முதலில் காந்தத்துகள் முறையில் விரிசல் சோதனை செய்து, பிறகு 0.010 அங்குலம் குறைத்துக் கடைந்தார்கள். அதன் உள்ளே எண்ணெய் செல்லும் துளைகளையும், பிளாக்கின் எண்ணெய் வழிகளையும், அடைப்பான்களைக் கழற்றிவிட்டுத் தூரிகையால் சுத்தம் செய்திருந்தார்கள். கடைந்த உலோகத்துகள் ஒன்று அந்த வழியில் தங்கிவிட்டால், புதிய பேரிங் முதல் சில நிமிடங்களிலேயே கீறப்பட்டுவிடும். நடு மெயின் பேரிங்கில் இருக்கும் தாங்கு வாஷர்களைப் புதிதாக்கி, கிராங்க் முன்னும் பின்னும் நகரும் அளவை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குள் கொண்டுவந்தார்கள். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் அந்த வாஷர்கள்தான் சுமையைத் தாங்குகின்றன.

ஹெட் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. ஈயம் தந்த பாதுகாப்பு இல்லாததால் எரிந்த புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடங்களில் கடினமான உலோக வளையங்களைப் பதித்தார்கள். இன்லெட் பக்கத்துக்கு அது தேவையில்லை என்று சொல்லி அந்தச் செலவைத் தவிர்த்தார்கள். இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் ஒரே வழியாக வெளியேறுவதால் ஹெட்டின் நடுப்பகுதி மிகுந்த வெப்பத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. அங்கே விரிசல் இல்லை என்று உறுதிசெய்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்கினார்கள்.

அடுத்து, கேம் ஷாஃப்ட். முதன்முறை இயக்குவதற்கு இவ்வளவு முன்னேற்பாடு ஏன் என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. இந்த எஞ்சினில் கேம் மேடுகள் தள்ளு கம்பிகளைத் தூக்கும், உருளைகள் எதுவும் இல்லாத டேப்பெட்டுகளின் மீது நேரடியாக உரசுகின்றன. புதிய கேமும் புதிய டேப்பெட்டும் ஒன்றோடொன்று பழகிப் படியும் முதல் அரை மணி நேரம், ஒரு எஞ்சினின் வாழ்நாளில் மிக ஆபத்தான நேரம். அந்த உரசும் பரப்புக்கு அழுத்தத்துடன் எண்ணெய் வருவதில்லை. சுழலும் கிராங்க் வாரியிறைக்கும் எண்ணெய்தான் பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடினால் அந்த இறைப்பும் குறையும். அதனால்தான் முதன்முறை இயங்கியவுடன் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத மெதுவான ஓட்டத்தில், விடக்கூடாது என்கிறார்கள். எண்ணெயில் கலந்திருக்கும் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மமும் இதே காரணத்துக்காகத்தான் முக்கியமாகிறது: அது உரசும் இடத்தில் ஒரு காப்புப்படலத்தை உண்டாக்குகிறது. எக்ஸாஸ்ட்டில் இருக்கும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் காப்பதற்காக இன்றைய பெட்ரோல் கார் எண்ணெய்களில் அதன் அளவைக் குறைத்துவிட்டார்கள். பல்பொருள் அங்காடியில் கிடைக்கும் நவீன எண்ணெயை இந்த எஞ்சினில் ஊற்றுவது சிக்கனம் ஆகாது.

புதிய கேமுடன் பழைய டேப்பெட்டுகளைச் சேர்ப்பதில்லை என்பதைப் பெரும்பாலான பட்டறைகள் கடைப்பிடிக்கின்றன. இவர்கள் ஒரு படி மேலே போய், வந்த டேப்பெட்டுகளின் கடினத்தன்மையையும் சோதித்தார்கள். தரமற்ற டேப்பெட்டுகள் சந்தையில் புழங்குவதைப் பழைய கார்க்காரர்கள் நன்கு அறிவார்கள். ஆகவே இந்தச் சோதனைக்கு வாங்கிய கூடுதல் தொகையை நான் மகிழ்ச்சியுடன் கொடுத்தேன்.

முதல் இயக்கத்துக்கான தயாரிப்பை அருகிலிருந்து பார்க்க அனுமதித்தார்கள். அமெரிக்க வி8 எஞ்சின்கள் பலவற்றில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியாக டிரில்லால் ஆயில் பம்பைச் சுழற்றலாம். பி வரிசையில் பம்புக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் கேமிலிருந்து தனித்தனி இணைப்புகள் இருப்பதால் அந்த வழி இங்கே இல்லை. பலர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தமானி எழும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் அவ்வாறு நெடுநேரம் சுழற்றினால் கேம் மேடுகளில் பூசிய மசகு வழித்தெடுக்கப்பட்டுவிடும். இவர்கள் அழுத்தமானிக் குழாய் இணையும் இடத்தின் வழியாக, ஒரு சிறு அழுத்தக் கலனிலிருந்து எண்ணெயை உள்ளே செலுத்தினார்கள். ஹெட்டின் உச்சியிலுள்ள ராக்கர் தண்டில் எண்ணெய் கசிந்து வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே பிளக்குகள் இல்லாமல் சிறிது நேரம் ஸ்டார்ட்டரை இயக்கினார்கள். மானியின் முள் உடனே உயர்ந்தது.

மற்ற ஏற்பாடுகள் அனைத்தும், சாவியைத் திருப்பியதும் எஞ்சின் தயங்காமல் பற்றிக்கொள்ள வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன் செய்யப்பட்டவை. ஒரு பல்பை இணைத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் மின் தொடுமுனையான பாயிண்ட் திறக்கும் கணத்தைப் பார்த்து, பிஸ்டன் உச்சியை எட்டும் மேல்நிலைக்குப் பத்து டிகிரி முன்பாகத் தீப்பொறியின் டைமிங்கை அமைத்தார்கள். 1-3-4-2 என்ற எரிவரிசைப்படி வயர்களைச் சரிபார்த்தார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்களின் ஜெட்டுகளையும் (பெட்ரோல் வரும் துளைக்குழாய்கள்) முழுவதும் மேலேற்றி, பிறகு சரிசெய்யும் நட்டை அதன் அறுமுகத்தில் பன்னிரண்டு முகங்கள், அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்கிவைத்தார்கள். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் வழக்கமான பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுவதால், பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை எத்தனாலைத் தாங்கக்கூடியவையாக மாற்றியிருந்தார்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

எஞ்சின் உடனே பற்றிக்கொண்டது. நிமிடத்துக்கு 2000 முதல் 2500 சுற்று வரை வேகத்தை ஏற்றியும் இறக்கியும் இருபது நிமிடம் ஓடவிட்டார்கள். ஒருவர் அழுத்தமானியிலும் வெப்பமானியிலும் வைத்த கண் வாங்காமல் நிற்க, மற்றவர் கையில் விளக்குடன் கசிவுகளைத் தேடினார். பிறகு எஞ்சின் முழுவதும் ஆறும்வரை காத்திருந்து, ஹெட் நட்டுகளை உரிய வரிசையில் மீண்டும் இறுக்கி, வால்வு இடைவெளியை 0.015 அங்குலத்துக்குச் சரிசெய்தார்கள். எண்ணெயை வடித்து, ஃபில்டரின் மடிப்புகளை வெட்டி விரித்து, அதில் உலோகத்துகள் இருக்கின்றனவா என்று காட்டினார்கள். பளபளப்பான நுண்துகள் சிறிதளவு இருந்தது. அது புதிய ரிங்குகள் படிவதால் வருவது, கவலை வேண்டாம் என்றார்கள். முதல் 500 மைல்வரை ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டாமல், ஏற்றங்களில் அளவாகச் சுமை கொடுத்து ஓட்டச் சொன்னார்கள். மிகவும் மென்மையாக ஓட்டினால் ரிங்குகள் படியாமல் சுவர் வழுவழுப்பாகி, எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கிவிடும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். அவ்வாறே ஓட்டினேன், எண்ணெய்ச் செலவு இப்போது கவனிக்கத் தேவையில்லாத அளவுக்குக் குறைந்துவிட்டது.

குறைகளும் உண்டு. வேலை சொன்ன தேதிக்கு முடியவில்லை. பிஸ்டன்கள் வந்துசேரத் தாமதமானதே காரணம் என்றாலும், நானாகத் தொலைபேசியில் கேட்கும்வரை அதைச் சொல்லவில்லை. ரசீதில் கடைசல் வேலைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை இருக்கிறது. பொருத்தும் கூலி மட்டும் ஒரே தொகையாக இருக்கிறது. இவ்வளவு நுணுக்கமாக அளவுத்தாள் எழுதுபவர்களுக்குக் கூலியையும் பிரித்து எழுதுவது கடினமில்லை. காரில் பொருத்தி இயக்கித் தந்தது உட்பட மொத்தச் செலவு நான்காயிரம் பவுண்டை ஒட்டி வந்தது. இது குறைந்த விலை அல்ல. ஆனால் அளவுத்தாளும் முதல் இயக்கமும் சேர்ந்த வேலைக்கு இது நியாயமான விலை என்றே மதிப்பிடுகிறேன். எஞ்சினை மட்டும் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டு, முதல் இயக்கத்தின் பொறுப்பை நம் தலையில் கட்டும் மலிவான சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இத்தகைய பட்டறைக்கு எஞ்சினைக் கொண்டுசெல்பவர்கள் ஃபிளைவீல், கிளட்ச் கவர், முன்புறப் புல்லி ஆகியவற்றையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டை இவற்றோடு சேர்த்துச் சமநிலைப்படுத்தினால்தான் அந்த வேலைக்குக் கொடுக்கும் பணத்துக்கு முழுப்பயன் கிடைக்கும். பிறகு தனியாகக் கொண்டுபோனால் அதே வேலைக்கு இரண்டாவது முறை பணம் கட்ட நேரிடும்.