நியாண்டர்தால் ரிப்போர்ட்: அப்பாவுக்காக வாங்கிய டிஎன்ஏ கிட்

2021 மே மாதம் திருச்சியில் அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் கொரோனாவில் படுத்தார்கள். அம்மாவுக்கு நாலு நாள் காய்ச்சல், அதோடு சரி. அப்பா பதினெட்டு நாள் ஆக்சிஜனில் கிடந்தார். அவருக்கு மட்டும் ஏன் அப்படி ஆனது என்ற கேள்வி என்னை விடவே இல்லை. போன வருடம் இருவரும் லண்டனில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, எச்சிலை வைத்து மரபணுவைச் சோதிக்கும் டிஎன்ஏ கிட் இரண்டு வாங்கினேன். அழிந்துபோன பழங்கால மனித இனமான நியாண்டர்தால்களிடமிருந்து நமக்கு வந்த மரபைச் சொல்லும் ரிப்போர்ட்டும் அதோடு சேர்த்துத் தருகிறார்கள்.

வயதானவர்களுக்கு எச்சில் எடுப்பதே பெரும்பாடு. அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. நுரை போக, எச்சில் மட்டும் குழாயில் போட்ட கோடு வரை நிற்க வேண்டும். அப்பாவுக்கு சுகர், வாய் வறண்டுவிட்டது. கன்னத்தை வெளியிலிருந்து தேய்த்துவிட்ட பிறகுதான் கொஞ்சம் ஊறியது. குழாய் நிறைய இருபது நிமிடம் ஆயிற்று.

ஆறு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. நியாண்டர்தால் மரபால் அப்பாவுக்கு முதுகில் முடி குறைவாக இருக்க வாய்ப்பு என்று போட்டிருந்தார்கள். அப்பாவுக்கு முதுகு முழுக்க முடி. இதையெல்லாம் எத்தனையோ மரபணுக்கள் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன, ஒரு டிஎன்ஏ துணுக்கை வைத்துச் சொல்லியிருக்கவே கூடாது.

நான் தேடியது அதில் இல்லவே இல்லை. 3-ஆம் குரோமோசோமில் சுமார் 50,000 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு கொரோனா கடுமையாகும் ஆபத்தைக் கூட்டுகிறது. அது நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது என்று 2020-இல் மரபியல் ஆய்வாளர்கள் ஹூகோ ஸெபெர்க்கும் ஸ்வாந்தே பேபோவும் காட்டினார்கள். குரோஷியாவின் விண்டியா குகையில் கிடைத்த நியாண்டர்தால் எலும்பின் டிஎன்ஏவோடு அது நெருங்கிப் பொருந்துகிறது. ஐரோப்பாவில் சுமார் 16 சதவீதம் பேரிடம் இருப்பது, தெற்காசியாவில் ஏறத்தாழ 50 சதவீதம் பேரிடம் இருக்கிறது. நம்மில் பாதிப் பேரைத் தொடும் விஷயத்தை விட்டுவிட்டு முதுகு முடியைச் சொன்னது எனக்கு உண்மையிலேயே வலித்தது. கேட்டு எழுதினேன், பொதுவான பதில்தான் வந்தது.

மூலத் தரவை, அதாவது நம் டிஎன்ஏவில் அவர்கள் படித்ததை அப்படியே, இறக்கிக்கொள்ள விடுகிறார்கள், அது பெரிய உதவி. மரபியல் படித்த தோழி அந்த இடத்தைத் தேடி எடுத்துத் தந்தாள். அந்தத் துண்டு அப்பாவுக்கு ஒரு பிரதி இருந்தது. அம்மாவுக்கும் ஒரு பிரதி! அப்பாவுக்கு அப்போது 72 வயது, இருபது வருட சுகர். அம்மாவுக்கு 61, எந்த நோயும் கிடையாது. வயதும் சுகரும் செய்யும் அந்த வித்தியாசத்தைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

வாங்குவதானால் மூலத் தரவு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன், இரண்டும் அந்தத் தரவுக்காக.