ஜேயூனிட் 5: பல வருடப் புழக்கத்துக்குப் பின்

"இன்னும் ஜேயூனிட் 4-லதான் ஓட்டறோம், 5-க்கு மாறலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஜாவா நிரல்களைச் சோதிக்கும் கருவிதான் ஜேயூனிட். ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) வேலைகளுக்கான ஜாவா லைப்ரரி ஒன்றைப் பராமரிக்கிறேன். அந்தக் கோணத்தில் மட்டும் சொல்கிறேன்.

அசர்ட்த்ரோஸ் அருமை. ஒரு வரி எதிர்பார்த்த எக்ஸப்ஷனை, அதாவது பிழையை, வீசுகிறதா என்று சோதிப்பது அது. பழையபடி டெஸ்ட்டின் தலையில் 'எக்ஸ்பெக்டட்' என்று போட்டால், உள்ளே எந்த வரி எக்ஸப்ஷனை வீசினாலும் பச்சை விளக்குதான், அதாவது பாஸ். இதிலோ சந்தேகப்படும் வரியை மட்டும் சுற்றிப் பிடிக்கலாம். பிடிபட்ட எக்ஸப்ஷனும் கைக்கு வரும், அதன் செய்தியையும் சோதிக்கலாம். ஜாவா ஸ்ட்ரிங்குக்கு இது ரொம்பவே தேவை. மூன்றெழுத்து ஸ்ட்ரிங்கில், சொன்ன இடத்திலிருந்து வெட்டித் தரும் சப்ஸ்ட்ரிங்குக்கு 3 கொடுத்தால் காலி ஸ்ட்ரிங் வரும், 4 கொடுத்தால்தான் வெடிக்கும். ஸ்ட்ரிங்கைத் திரும்பத் திரும்ப அடுக்கும் ரிப்பீட்டுக்கு -1 கொடுத்தால் எக்ஸப்ஷன். அதே மைனஸை, தேடித் தரும் இன்டெக்ஸ்ஆஃபில் தொடக்க இடமாகக் கொடுங்கள், வாயே திறக்காமல் முதலிலிருந்து தேடும்! நல்-ஐயும் (null, மதிப்பே இல்லாத நிலை) காலி ஸ்ட்ரிங்கையும் ஒரே டெஸ்ட்டுக்கு ஊட்டும் நல்-அண்ட்-எம்ப்டி-சோர்ஸும் வசதி.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். 4-இல் தோல்விச் செய்தி (டெஸ்ட் தோற்றால் காட்டும் வாசகம்) முதல் ஆர்க்யுமென்ட். 5-இல் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். எண்களைச் சோதிக்கிறவர்களுக்குக் கவலையில்லை, டைப் பொருந்தாமல் கம்பைலரே கத்திவிடும். நமக்கு எல்லாமே ஸ்ட்ரிங், கம்பைலர் கண்டுகொள்ளாது. இரண்டும் சமமா என்று பார்க்கும் அசர்ட்ஈக்வல்ஸ் என்றால், செய்தியையே மதிப்பாக எடுத்து ஒப்பிட்டு உடனே சிவப்பாகிக் காட்டிக்கொடுக்கும், தப்பித்தோம். ஆனால் அசர்ட்நாட்நல்("பெயர் வரவில்லை", பெயர்) என்ற பழைய வரி அப்படியே கம்பைல் ஆகிறது, "பெயர் வரவில்லை" நல் இல்லை என்று சோதித்துவிட்டுப் பச்சை காட்டுகிறது. பெயரின் மதிப்பு நல் (null) என்றாலும் பச்சைதான். இரண்டும் சமமில்லை என்று சோதிக்கும் அசர்ட்நாட்ஈக்வல்ஸும் இதே கதை. எங்கள் குழு இம்போர்ட்டை மட்டும் மாற்றிக் கொண்டுவந்த டெஸ்ட்டுகளில் இப்படிச் சும்மா பச்சை காட்டும் வரிகள் இன்னும் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன, போன வாரம்கூட ஒன்று.

கட்டாயமில்லாத ஆர்க்யுமென்ட் கடைசியில் இருப்பதுதான் முறை, அது எனக்கும் தெரியும். முதலிலேயே அப்படி வைத்திருந்தால் கும்பிட்டிருப்பேன்.

அசர்ட்த்ரோஸுக்காக மட்டும் மாறுவதென்றால் மாறாதீர்கள். 2020-இல் வந்த 4.13-இலேயே அது இருக்கிறது. புது புராஜெக்ட் என்றால் யோசிக்காமல் 5. பழையதைத்தான் மாற்றியாக வேண்டும் என்றால், இம்போர்ட்டைத் தொடும் முன் அசர்ட்நாட்நல், அசர்ட்நாட்ஈக்வல்ஸ் இரண்டையும் தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.